கூரைக்குக் கணக்கு வைத்தவர்கள்
தேக்காவிலும் தெலுக் ஆயரிலும் நம் பொதுச் சொத்துகள்

பொன்விழா மலரின் முன்பக்கங்களில் தலைவர்களின் படங்களும் வாழ்த்துரைகளும் இருக்கும். இருக்க வேண்டியதுதான். இந்தக் கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டவர்கள் படங்களில் அதிகம் இடம்பெறாதவர்கள். மழை பெய்த மறுநாள் ஏணி வைத்துக் கூரையைப் பார்த்தவர்கள், வாடகை வசூலித்து ரசீது எழுதியவர்கள், மின்கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டியவர்கள், சம்பளம் வாங்காமல் ஏச்சு மட்டும் வாங்கியவர்கள்.

சிங்கப்பூரில் நம் சமூகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடம் எழுந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826. தெலுக் ஆயர் தெரு அல்-அப்ரார் பள்ளிவாசல் 1827. அதே தெருவில் நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை. டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1907. ஆண்டுகள் சரி. ஆனால் கட்டுவது ஒரு தடவை நடக்கும் வேலை. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது யார், பணம் எங்கிருந்து வந்தது, கணக்கை யார் யாரிடம் காட்டினார்கள் என்று தேடிப் போனால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. கடை வைத்துப் பிழைக்கிற நம் போன்றவர்களுக்கு அந்த வரலாறுதான் இன்னும் நன்றாக விளங்குகிறது.

இதற்கு வேர் மிகப் பழையது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தருமம் செய்யலாம் என்று வழி சொல்லப்பட்டது. அந்த நிலத்தை விற்கக் கூடாது, யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்கும் அது சேராது என்று உமர் (ரலி) ஏற்பாடு செய்தார்கள். பயான்களில் இந்த அளவோடு முடித்துவிடுவார்கள். அதே செய்தியில் இன்னொரு பகுதியும் உண்டு. நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் அதைக் கொண்டு தமக்குச் சொத்துச் சேர்க்கக் கூடாது. பொது வேலை செய்கிறவருக்கு டாக்சிக் காசு கொடுக்கலாமா என்று நம் கூட்டங்களில் ஒரு மணி நேரம் வாதாடுகிறோமே, அந்தக் கேள்வி 1,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டது.

ஒருவர் பெயரில் இருந்த நிலம்

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோரை அன்றைய ஆவணங்கள் சூலியாக்கள் என்று குறிக்கின்றன. 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் அவர்களுக்கென்று தனியாக ஒரு கம்பம் ஒதுக்கப்பட்டிருந்தது. வணிகம் செய்தவர்கள், காசு மாற்றிக் கொடுத்தவர்கள், படகிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். வந்த சில ஆண்டுகளிலேயே அன்சார் சாஹிபின் தலைமையில் ஜாமிஆ பள்ளிவாசலை எழுப்பினார்கள். தெலுக் ஆயரில் இருந்தது ஒரு குடிசை. அதனால்தான் அல்-அப்ராருக்குக் குச்சுப் பள்ளி என்ற பெயர் இன்றுவரை பெரியவர்கள் வாயில் நிற்கிறது. அந்தத் தெரு அப்போது கடற்கரை. கரையிறங்கியவர் முதலில் தொழுதுவிட்டுத்தான் ஊருக்குள் போயிருப்பார்.

அன்றைக்குச் சங்கம் கிடையாது, பதிவுச் சட்டம் கிடையாது. நிலம் ஒரு மனிதர் பெயரில்தான் வழங்கப்பட்டது. நாகூர் தர்கா நின்ற நிலம் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டது. வழிபாட்டுக்கு அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நிற்கும், மனிதர் நிற்க மாட்டாரே! அவர் மௌத்தானால் அடுத்தது யார்? மகனா, ஊர்க்காரரா, தொழுகைக்கு வருகிறவர்களா? ஊரிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த சமூகத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாக இருந்திருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அடுத்த பருவக்காற்றில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியிருப்பார். 1893இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் தர்காவின் சொத்து டிரஸ்டிகளின் பொறுப்புக்கு மாறியது. ஒரு மனிதரின் நம்பிக்கையில் இருந்த சொத்து பல மனிதர்களின் பொறுப்பில் வந்த இடம் இது. நம் சங்க வரலாறுகளில் இந்த மாற்றத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. தர்காவின் நான்கு மூலைகளிலும் நிற்கும் 14 அடுக்கு மினாராக்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். அந்த மினாராக்கள் நிற்பதற்கு இந்த உத்தரவும் ஒரு காரணம்.

பினாங்கில் நடந்தது இன்னும் பெரிய பாடம். 1801இல் அங்கே காதர் முகைதீன் மரைக்காயர் என்ற கப்பித்தான் கிளிங்கின் காலத்தில் பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஜார்ஜ் டவுனின் நடுவில் 18 ஏக்கர்! நூறு ஆண்டுக்குள் அந்த வக்ஃபு நிலங்களின் நிர்வாகம் சீர்கெட்டு, வர வேண்டிய வருமானம் வராமல் போனது. அரசாங்கம் தலையிட்டது. 1905இல் சட்டம் இயற்றி, முகமதிய இந்து அறக்கட்டளை வாரியத்தை ஏற்படுத்தியது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பள்ளிவாசல் சொத்துகளும் கோயில் சொத்துகளும் ஒரே வாரியத்தின் மேசைக்கு வந்தன. சிங்கப்பூரில் 1968 வரை இந்த நிலைதான். வெள்ளைக்கார அரசு நம்மை நம்பவில்லை என்று கோபப்படுவதா, நம்பும்படி நாம் கணக்கு வைக்கவில்லை என்று வருந்துவதா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. நம்மைக் கேட்டால், கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருந்த இடத்தில் எந்த அரசும் எளிதில் கை வைக்காது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் இங்கே முதலில் 1889இல் வந்தது. அதன் முக்கிய நோக்கம் ரகசியக் கும்பல்களை அடக்குவது. மீலாது விழா நடத்தி நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாம் இன்றைக்கு ஆண்டுதோறும் படிவம் அனுப்புகிறோமே, அந்த வழக்கத்தின் பாட்டன் அதுதான்.

டன்லப் தெருவின் வாடகைக் கணக்கு

இப்போது தேக்காவுக்கு வருவோம். ஐந்தடிப் பாதையில் நடந்து டன்லப் தெருவுக்குள் திரும்பினால் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். வாசலுக்கு மேலே சூரிய வடிவில் 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர். சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது அதைத்தான். நாம் பார்க்க வேண்டியது பள்ளிவாசலை ஒட்டியிருந்த கடைவீடுகளை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த இடத்தில் ஒரு மரப் பள்ளிவாசல் இருந்தது. பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல். அங்கே குதிரை பார்த்துக்கொண்ட நம்மவர்களும் கம்போங் கப்பூர் வட்டாரத்து வணிகர்களும்தான் ஜமாஅத். அவர்களிடம் பெரிய பணம் இல்லை. ஷேக் அப்துல் கஃபூர் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். பள்ளிவாசலின் டிரஸ்டிகளில் ஒருவரான அவர் செய்த காரியம் நேரே உண்டியலைத் தூக்குவது அல்ல. 1880களில் பள்ளிவாசல் நிலத்தில் முதலில் கடைவீடுகளைக் கட்ட வைத்தார். கடைவீடுகள் வாடகை தந்தன. வாடகை சேர்ந்து புதிய பள்ளிவாசலாக எழுந்தது. 1907இல் தொடங்கிய வேலை 1927இல்தான் முடிந்தது.

20 ஆண்டு என்றதும் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். வீவக ஒரு பேட்டையையே அதற்குள் கட்டி முடித்துவிடும். ஆனால் கடன் வாங்காமல், வந்த வாடகையைக் கொண்டு ஒரு சமூகம் கட்டியது இது என்று வைத்துப் பாருங்கள். டிப்ளோமா வகுப்பில் நமக்குச் சொல்லிக் கொடுத்த பணப்புழக்கப் பாடம் அந்தத் தலைமை எழுத்தரின் மனத்தில் எந்த வகுப்பும் இல்லாமலே இருந்திருக்கிறது. முதலில் வரவுக்கு வழி செய்தார். அழகு பிறகு வந்தது.

வாடகையை நம்பிய இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய அடி 1947இல் விழுந்தது. போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். குடியிருப்போரைக் காப்பதற்காக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகை 1939ஆம் ஆண்டு அளவில் உறைந்தது. ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தச் சட்டம் உயிர் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. நம் வாப்பாமார்களிலும் பலர் அந்த வாடகையில்தான் தலை சாய்த்தார்கள். ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். வக்ஃபு சொத்துகளில் பல, போருக்கு முந்திய கடைவீடுகள். ஓடு மாற்றும் கூலி ஏறியது, மரத்தின் விலை ஏறியது, வாடகை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கறையான் அரித்த உத்தரத்தை மாற்ற ஓராண்டு வாடகையும் போதாத நிலை. சட்டம் முழுமையாக நீங்கியது 2001இல்தான். அதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

அந்த அரை நூற்றாண்டில் பழைய கட்டடங்கள் பாழடைந்ததற்கு நிர்வாகிகளின் அலட்சியத்தை மட்டும் காரணம் காட்டுவது எளிது. கட்டுரைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால், எவ்வளவு நேர்மையான முத்தவல்லியாக இருந்தாலும் அந்த வரவை வைத்துக்கொண்டு செய்திருக்கக் கூடியது கொஞ்சம்தான்.

அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு 1979இல் தேசிய நினைவுச்சின்னம் என்ற தகுதி கிடைத்தது. ஜாமிஆ, அல்-அப்ரார், நாகூர் தர்கா மூன்றுக்கும் 1974இலேயே கிடைத்துவிட்டது. பெருமையான விஷயம். கூடவே ஒரு செலவும் வந்தது. நினைவுச்சின்னத்தில் உடைந்த ஜன்னலுக்குக் கடையில் கிடைக்கும் அலுமினிய ஜன்னலை வாங்கி மாட்ட முடியாது. பழைய முறையில் பழைய பொருளில் பழுதுபார்க்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆளைத் தேட வேண்டும். விலை மூன்று மடங்கு என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் பேரம் பேசவும் வேறு ஆள் இருக்காது.

நாகூர் தர்கா அதைக் கண்கூடாகக் காட்டியது. 1990களில் கட்டடம் பலவீனமாகி மூடப்பட்டது. கந்தூரி நாளில் கொடியேற்றிய இடத்தில் வெளிக்கதவு பூட்டிக் கிடந்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மறுசீரமைப்பு 2007இல் தொடங்கியது. 2011 மே மாதம் அன்றைய அதிபர் எஸ்.ஆர். நாதன் அதனை இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்து வைத்தார். இன்று அங்கே நம் முன்னோர் வந்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நிதி திரட்ட வீடு வீடாகவும் கடை கடையாகவும் அலைந்தவர்களும், ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கு நின்றவர்களும், அரசு அலுவலகங்களுக்கு நடந்தவர்களும் தொண்டூழியர்கள். பகலில் தங்கள் கடையையும் வேலையையும் பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வந்தவர்கள்.

முயிஸ் வந்த பிறகு

1966இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. 1968இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் என்ற முயிஸ் தொடங்கியது. பழைய வாரியம் போனது, கோயில்களுக்குத் தனி வாரியம் ஏற்பட்டது. வக்ஃபுகள் அனைத்தும் சட்டப்படி முயிஸின் பொறுப்பில் வந்தன. முத்தவல்லிகள் இருக்கும் இடங்களில் அவர்கள் நிர்வகிக்கலாம், கணக்கு முயிஸுக்குப் போக வேண்டும். சிராங்கூன் சாலை அங்குலியா பள்ளிவாசல் குஜராத்தி வணிகக் குடும்பத்தின் வக்ஃபு. இருந்தாலும் தேக்காவுக்கு வரும் நம்மவர்கள் அனைவரும் அங்கே ஒரு ஜும்ஆவாவது தொழுதிருப்போம்.

பென்கூலன் பள்ளிவாசலைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. பழைய பள்ளிவாசலை அகற்றிவிட்டு, அதே நிலத்தில் புதிய பள்ளிவாசலோடு வணிகக் கட்டடமும் தங்கும் அடுக்குமாடியும் கட்டினார்கள். அதற்காக 3 கோடியே 50 லட்சம் வெள்ளி முஷாரகா பத்திரங்கள் மூலம் திரட்டப்பட்டது. வட்டி இல்லாத முறையில் வக்ஃபை மேம்படுத்தியதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. பழைய கட்டடத்தில் ஓதிப் படித்தவர்களுக்கு மனம் ஆறவில்லை. அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் டன்லப் தெருவில் ஷேக் அப்துல் கஃபூர் செய்ததும் இதுதானே? பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வாடகை வரும் கட்டடத்தை எழுப்பினார். அன்றைக்கு அது கடைவீடு, இன்றைக்கு அது 12 மாடி. நம் மனம் பென்கூலன் தெருவில் பழையவர்களோடு இருந்தாலும் நம் கணக்கு புதியவர்களோடு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பிரிந்து போன குடும்பங்கள், கூடிய சங்கம்

தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் தெருத் தெருவாக வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. மற்றத் தமிழர் பலர் ஆண்கள் மட்டும் வந்து வேலை பார்த்த நாட்களில், இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து குடியிருந்தார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சொந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்தப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் 1983 முதல் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாகத் தொடர்கிறது. இப்போது அது தேக்காவுக்குப் பக்கத்தில் பீட்டி சாலையில் இருப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சாதாரண உழைப்பாளிகள் நடத்திய ஒரு சங்கம் 36 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தைச் சுமந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஆசிரியர் சம்பளம், மேசை நாற்காலி, கூரை. அந்தக் கணக்கை எழுதியவர்களின் கையெழுத்தை இன்று எங்கே தேடுவது?

பள்ளி மூடுவதற்கு முன்பே தெருக்கள் கலைந்துவிட்டன. 1970களில் நகரச் சீரமைப்பு வேகமெடுத்தது. குடும்பங்கள் தோ பாயோ, பிடோக், அங் மோ கியோ என்று வீவக வீடுகளுக்குப் பெயர்ந்தன. சொந்த வீடு, குழாய்த் தண்ணீர், மின்தூக்கி எல்லாம் கிடைத்தன. எதிர்வீட்டு நன்னியம்மா கிடைக்கவில்லை. நம் சங்கம் பிறந்தது அந்தப் பத்தாண்டில்தான். தெரு இருந்தபோது சங்கம் தேவைப்படவில்லை, தெரு போனபோது சங்கம் தேவைப்பட்டது. நிக்காஹ்வுக்கும் ஜனாஸாவுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் கூடுவதற்கு ஓரிடம் வேண்டும் என்பதுதான் மூத்தவர்கள் அன்று கேட்டது. தேக்கா எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. சந்தைக்கு வருகிறவர் சங்கத்துக்கும் வருவார்.

புதிய வீடுகளில் புதிய விதமான பொதுச் சொத்து வந்து சேர்ந்தது. மின்தூக்கி, தாழ்வாரம், வெற்றுத் தளம், தண்ணீர்த் தொட்டி. 1978இல் வசிப்போர் குழுக்கள் தொடங்கின. 1986இல் அங் மோ கியோவில் நகர மன்றங்கள் சோதனையாகத் தொடங்கி, 1988இல் அதற்கென்று சட்டம் வந்தது. அதுவரை வீவக பார்த்த பராமரிப்பு நகர மன்றத்தின் கைக்கு வந்தது. மாதா மாதம் நாம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு பிற்காலப் பழுதுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. தனியார் கட்டடங்களுக்கு 1967இலேயே அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் காட்டிய வழி அது. வீட்டுக்குள் இருப்பது உனக்கு, சுவருக்கு வெளியே இருப்பது எல்லோருக்கும். எல்லோருக்கும் உரியதைப் பார்த்துக்கொள்ள உரிமையாளர்களே ஒரு நிர்வாக மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது நடப்பிலுள்ள சட்டம் 2004இல் நிறைவேறி 2005இல் நடைமுறைக்கு வந்தது. மன்றத்தில் 14 பேர் வரை இருக்கலாம். அவர்கள் நம்மைப் போல வேலை முடித்து வரும் அக்கம்பக்கத்தார்தான்.

அந்த மன்றக் கூட்டங்களுக்கும் நம் சங்கக் கூட்டங்களுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே பங்கு மதிப்பில் 30 விழுக்காடு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே நடத்தலாம். நம் அமைப்புவிதியிலும் 25 விழுக்காட்டினர் அல்லது 30 உறுப்பினர், இதில் எது குறைவோ அது. வராவிட்டால் அதே அரை மணி நேரம். ஆக, கொண்டோமினியமாக இருந்தாலும் ஜமாஅத்தாக இருந்தாலும், கூட்டத்துக்கு ஆள் வராது என்பதைச் சட்டம் எழுதியவர் முன்பே அறிந்திருக்கிறார். அந்த அரை மணி நேரத்தில் தேநீரும் வடையும் தீர்ந்துவிடுவது மட்டும் நம்மிடம் கூடுதல்.

நம் சங்கத்தின் மாடி

இனி நம் சொந்தக் கூரை. தேக்காவை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நம் சங்கத்துக்கு இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். வாங்குவதற்கு மூத்தவர்கள் 10 வெள்ளியும் 20 வெள்ளியுமாகச் சேர்த்தார்கள். அதற்குரிய ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் இன்றும் தகர அலமாரியில் ரப்பர் பேண்டு போட்டு இருக்கின்றன. சங்கம் தன் பெயரில் அசையாச் சொத்தை வைத்திருக்க முடியாது, டிரஸ்டிகளின் பெயரில்தான் வைக்க வேண்டும். இரண்டு பேருக்குக் குறையாமல், நான்கு பேருக்கு மிகாமல். 1893இல் தர்காவுக்கு நீதிமன்றம் காட்டிய வழிதான். இந்த ஐம்பது ஆண்டுகளில் டிரஸ்டி ஒருவர் மௌத்தாகி இடம் காலியான போதெல்லாம் புதியவரை நியமிக்கக் கூட்டம் கூட்டினோம். சில நேரம் உடனே, சில நேரம் தாமதமாக.

கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. சென்ற ஆண்டு மேல்மாடியிலிருந்து நீர் கசிந்து கஞ்சித் தேக்சாக்கள் வைக்கும் அறையின் கூரை பூஞ்சை பிடித்தது. இப்படி நேர்ந்தால், மறுப்புக்கு ஆதாரம் காட்டப்படும்வரை, காரணம் மேல்மாடியில்தான் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. இதை மேல்மாடிக்காரரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்ல நம் செயலாளருக்கு நான்கு மாதமும் ஏழு சந்திப்பும் ஆயின. இறுதியில் அவர் குளியலறைத் தரையைச் சரிசெய்தார். வழக்கு இல்லை. அந்த ஏழு சந்திப்புகளும் எந்த ஆண்டறிக்கையிலும் வராது என்பதால் இங்கே எழுதி வைக்கிறோம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நம் முன் நிற்கிறது. கட்டடம் 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி கழிந்துவிட்டது. கூட்டு விற்பனை பற்றி உரிமையாளர்கள் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 10 ஆண்டுக்கு மேலான கட்டடத்தில் 80 விழுக்காடு உரிமை சம்மதித்தால் விற்பனைக்கு விண்ணப்பிக்கலாம், எதிர்ப்பவரும் கட்டுப்பட வேண்டிவரும். நம் மூத்தவர்களில் ஒரு சாரார் விற்கவே கூடாது என்கிறார்கள். வக்ஃபு மனத்தோடு கொடுத்த காசு என்பது அவர்கள் வாதம். சட்டப்படி அது பதிவு செய்த வக்ஃபு அல்ல, சங்கச் சொத்து. ஆனாலும் அந்த வாதத்தின் கனம் நமக்குப் புரிகிறது. இன்னொரு சாரார், குத்தகை கரையக் கரைய மதிப்பும் கரையும், இப்போது விற்றுப் பெரிய இடமாக உட்லண்ட்ஸ் பக்கம் வாங்கலாம் என்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கருத்தைக் கேட்டால், வெள்ளிக்கிழமை டன்லப் தெருவில் தொழுதுவிட்டு நடந்து வர முடியாத சங்கத்துக்கு யாரும் வர மாட்டார்கள். இடம் தேக்காவில்தான் இருக்க வேண்டும், சிறியதாக இருந்தாலும் சரி. விற்க நேர்ந்தால், வரும் பணம் முழுவதும் இன்னொரு இடத்துக்கே போக வேண்டும் என்று டிரஸ்டிகள் கையெழுத்திடும் ஆவணத்தில் இப்போதே எழுதிவிட வேண்டும், ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கும்போதே. சந்தாவில் வெள்ளிக்கு 20 காசு பழுது நிதிக்கென்று தனிக்கணக்கில் போகட்டும். இதைச் சென்ற கூட்டத்தில் முன்மொழிந்தோம். சந்தா உயருமா என்று கேட்டார்கள். உயரும் என்று சொன்னோம். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானமும் நிர்வாகக் குழுத் தேர்தலும் ஒரே நாளில் வருகின்றன. நம் விதிப்படி மற்றப் பொறுப்பாளர்கள் அதே பதவியில் தொடரலாம், பொருளாளர் மட்டும் அடுத்தடுத்த தவணைகளில் தொடரக் கூடாது. கணக்குப் புத்தகம் கை மாற வேண்டும் என்பதற்காக வைத்த விதி. ஆகவே புதிய பொருளாளர் வேண்டும். வயது வரம்பு இல்லை, பெண்களும் நிற்கலாம், கணக்கியல் படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் குறைந்தது பத்துப் பேர் இருக்கிறார்கள். நியமனப் படிவம் மூன்றாம் மாடியில் தகர அலமாரியின் மேல்தட்டில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை அதில் பெயர் எதுவும் எழுதப்படவில்லை.